கண்மட்டம்

புதிதாக வரையப் பழகுகிறவர் போட்ட மேஜையைப் பாருங்கள். பலகை மொட்டைமாடியிலிருந்து பார்த்தாற்போல் முழுச் செவ்வகமாக இருக்கும். கால்கள் மட்டும் எதிரே நின்று பார்த்தவையாக இருக்கும். மேஜை செவ்வகம் என்று மூளைக்கு ஏற்கெனவே தெரியும். கண் சொல்வதை அது காதில் வாங்குவதில்லை. தூரத்தைத் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் பயிற்சியில் பாதி, அந்த மூளையின் வாயை அடைப்பதுதான்.

ஒரு டம்ளர் போதும். கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அதன் விளிம்பு வெறும் கோடு. சற்றே இறக்கினால் ஒடுங்கிய நீள்வட்டம். இன்னும் இறக்க இறக்க வாய் அகலமாகத் திறந்துகொண்டே போகும். விளிம்பு வெறும் கோடாகத் தெரிந்த அந்த உயரம்தான் கண்மட்டம்; தாளில் முதலில் போடவேண்டியது இந்தக் கண்மட்டக் கோட்டைத்தான். அதற்கு மேலே இருக்கும் உத்தரமும் ஜன்னல் மேல்விளிம்பும் தூரம் போகப்போக இறங்கிவரும்; கீழே இருக்கும் தரை ஏறிவரும். தண்டவாளம்போல் நமக்கு நேர் எதிரே ஓடும் இணைகோடுகள் அத்தனையும் அந்தக் கோட்டின்மேல் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். உட்கார்ந்து ஆரம்பித்தால் உட்கார்ந்தே முடியுங்கள். நடுவில் எழுந்து நின்று நாலு கோடு சேர்த்தால் கண்மட்டம் மாறி, கூரை ஒரு பக்கம் இழுக்கும், திண்ணை ஒரு பக்கம் இழுக்கும்.

ஃப்ளாரன்ஸ் நகரின் சாண்டா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சியோ 1427 வாக்கில் தீட்டிய ‘திரித்துவம்’ சுவரோவியத்தில், இணைகோடுகள் சேரும் அந்தப் புள்ளி, நின்று பார்ப்பவரின் கண் உயரத்தை ஒட்டியே இருக்கிறது. ஆணி வைத்த இடமும், நூல் பிடித்துச் சாந்தில் கீறிய தடங்களும் சுவரில் உண்டு. நம் கொத்தனார் நூல் கட்டுகிற அதே வேலை. மசாச்சியோவே நூல் பிடித்திருக்கிறார்; ஆகவே ஸ்கேல் எடுக்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ஆனாலும் கைக்கோடு தனியாகப் பழகவேண்டிய சங்கதி. இரண்டு புள்ளி வையுங்கள். பென்சிலைத் தாளில் படாமல் அந்த வழியே இரண்டொரு தடவை ஓட்டிப் பாருங்கள். பிறகு தோளிலிருந்து ஒரே இழுப்பு. மணிக்கட்டை ஊன்றி இழுத்தால், அதுவே அச்சாகிக் கோடு வில்லாக வளைந்துவிடும். பார்வை பென்சில் முனையில் வேண்டாம், சேரவேண்டிய புள்ளியில் இருக்கட்டும். கோடு கோணிக்கொண்டால் அதன்மேலேயே திரும்பத் திரும்பக் கீறி மயிர் முளைக்க வைக்காதீர்கள். பக்கத்தில் இன்னொன்று இழுங்கள். பழைய செய்தித்தாளே தாராளம், ரப்பர் பெட்டிக்குள் கிடக்கட்டும்.