பாடியவர், பாட்டு, ஆலயம்

தானே எழுதித் தானே மெட்டமைத்த பாட்டை ஒருவர் பழமையான ஆலயத்தில் நின்று பாடும்போது, அது வழிபாடா கச்சேரியா என்னும் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கைக் கவனிக்கும் ரோமின் திருவழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பரில் வெளியிட்ட மடல், ஆலயம் வெறும் பொதுமண்டபம் அன்று என்றும், அங்கு நடக்கும் கச்சேரிக்குக் கட்டணம் கூடாது என்றும், பாடுவோர் பலிபீடப் பகுதியில் நிற்கலாகாது என்றும் நெறி வகுத்தது. இவை இடத்தின் புனிதத்தைக் காக்கும் நெறிகள். பாட்டுக்குப் புனிதம் எங்கிருந்து வருகிறது என்பது இவற்றுக்கு அப்பாற்பட்ட கேள்வி.

தமிழில் அந்தக் கேள்விக்கு உரைகல்லாக நிற்பவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸிடம் வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சியை இயற்றிய அவர், பாட்டும் உரையுமாகக் கதை நடத்தும் காலட்சேப முறையைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர். பின்வந்த மிஷனரிகள் இழைத்தவையாக அவர் நான்கு கொடுமைகளை எழுதிவைத்தார்: வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதி வேறுபாட்டைக் கைவிட வற்புறுத்தியது, பண்டிகைகளில் பூக்களை விலக்கியது, ஆராதனையில் தமிழ்ப் பாடல்களைத் தடுத்தது. கடைசி முறையீட்டில் முழு நியாயம் உண்டு. சாதியைப் பற்றிய முறையீட்டை எவ்வகையிலும் ஏற்க இயலாது. ஆனால் இரண்டையும் எழுதியது ஒரே கை.

அவருடைய கீர்த்தனைகள், 1853இல் எட்வர்ட் வெப் என்னும் அமெரிக்க மிஷனரி வெளியிட்ட தொகுப்பின் வழியாகச் சபைகளுக்குப் பொதுவாகி, கடல்கடந்த தமிழரோடு மலாயாவுக்கும் வந்தன. அங்கே பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் கணிசமானோர், எவரோடு கலந்து அமர்வதைச் சாஸ்திரியார் எதிர்த்தாரோ அந்த ஒடுக்கப்பட்ட மக்களே. கீர்த்தனையின் அமைப்பு அவர்களுக்கு இசைந்தது: ஒருவர் பல்லவியை, அதாவது திரும்பத் திரும்ப வரும் தலைப்பகுதியை, எடுத்துக்கொடுக்க, ஏனையோர் வாங்கிப் பாட, கைத்தாளம் ஒன்றே போதுமானதாயிருந்தது, ஆர்கனும் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை.

ஒருவரின் குறை அவர் வழியாக வருவதையும் கெடுக்குமா என்பது பழைய கேள்வி. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் டோனாட்டியர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், குருவிடம் குறையிருந்தால் அவர் வழங்கும் அருட்சாதனமும் செல்லாது என்றனர். அதன் ஆற்றல் கிறிஸ்துவினுடையதேயன்றிக் குருவினுடையது அன்று என்று ஆயர் அகுஸ்தீன் மறுத்தார். கீர்த்தனை அருட்சாதனம் அன்று என்பதால் அந்த விடையை இங்கே அப்படியே பொருத்த முடியாது. எனினும் ஆக்கியவனின் குறையைப் பாட்டு கடந்து செல்வதற்கு ஒரு வழி தோட்டத்தில் தெரிகிறது: அவன் விலக்கிய வாய்களே அதைத் தமதாக்கிக்கொண்டன. இந்த அளவுகோலின்படி, பேராக்கின் ஈப்போ நகரில் பழைய ஆலயம் ஒன்றில் இன்று தம் பாட்டைப் பாடும் இளைஞர் எந்தப் பாணியில் பாடுகிறார், கிட்டார் மீட்டுகிறாரா, மிருதங்கத்தைத் துணைக்கொள்கிறாரா என்பவை இரண்டாம்பட்சமே. கேட்டிருந்தோர் கைதட்டிக் கலைந்தால் அது நல்ல கச்சேரி. அடுத்த ஞாயிறு அவர் இல்லாதபோதும் அந்தப் பல்லவியைச் சபை எடுக்குமானால் அதைக் கச்சேரி என்று விலக்குவதற்குச் சபைக் குருவுக்குக் காரணம் இராது.