காணும் பொங்கல் காசு: பரிசா, பாசமா?





தை பிறந்தால் எங்க நெசவுத் தெருக்களில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். காணும் பொங்கல் அன்று புதுத்துணி போட்டுக்கிட்டு சொந்தக்காரங்க வீடு வீடாகப் போவாங்க. பெரியவங்க காலில் விழுந்தால் நெற்றியில் திருநீறு, கையில் காசு. பத்தோ நூறோ, அவரவர் வசதி. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அதை எண்ணும் அழகைப் பார்க்கணுமே!

ஆனால் சில வருஷமா வேற பேச்சும் என் காதில் விழுது. "ரேங்க் வாங்கினாதான் காசு." "அக்காவுக்கு நூறு, உனக்குப் பத்து. அவதான் சொன்ன பேச்சு கேட்கிறா." கேட்க நியாயமாத்தான் இருக்கு. சும்மா கொடுத்தால் பிள்ளைக்கு உழைப்பின் அருமை தெரியுமா?

தமிழில் பந்தயத்தில் ஜெயித்தால் கிடைப்பதும் 'பரிசு', பிறந்தநாளுக்கு அன்பாகக் கொடுப்பதும் 'பரிசு'. சொல் ஒன்றுதான். பொருளும் ஒன்றா?

*நம் முருகன் கதையையே பாருங்கள்*

நாரதர் கொண்டு வந்தது ஒரே ஒரு ஞானப்பழம். வீட்டில் பிள்ளைகள் ரெண்டு. உலகை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்று போட்டி வந்தது. அம்மையப்பனையே உலகமாகச் சுற்றிய விநாயகருக்குப் பழம் கிடைத்தது. மயிலேறி உலகமெல்லாம் சுற்றி வந்த பிள்ளைக்கு வெறுங்கை. கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

இது இறைவன் திருவிளையாடல், இதில் குறை சொல்ல நாம் யார்? ஆனால் ஒன்றைக் கவனியுங்க. சமாதானம் செய்ய வந்தவர்கள் இன்னொரு பழத்தைக் கொண்டு வரவில்லை. "பழம் நீ" என்றார்கள். அதுவே பழனி ஆச்சு என்று பெரியவங்க சொல்லுவாங்க. நீ ஜெயித்ததால் இல்லை, எங்க பிள்ளை என்பதால் நீயே பழம். தைப்பூசத்துக்கு நாம காவடி எடுத்துப் போவது, போட்டியில் பழம் கிடைக்காத அந்தப் பிள்ளையிடம்தானே!

*தறி சொல்லும் பாடம்*

கோர்வைச் சேலை நெய்ய நெசவாளிக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒரு ஆள் வேணும். காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் ரொம்ப காலம் அந்த ஆள் ஒரு சின்னப் பிள்ளையாகவே இருந்தது. வீட்டுக் கஷ்டத்துக்குப் பெற்றோர் முன்பணம் வாங்குவாங்க, அது அடையும் வரை பிள்ளை தறியில். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் என்று வந்தும் அந்த வழக்கம் ஒழிய வருஷங்கள் ஆச்சு.

அந்தப் பணமும் பிள்ளை பேரில் கைமாறிய பணம்தான். ஆனால் பிள்ளையிடமே திரும்ப வசூல் ஆச்சு. ரேங்க் கேட்பதும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லலை. ஆனால் எதையாவது திருப்பிக் கொடுத்தால்தான் இந்த வீட்டில் நமக்கு மதிப்பு என்கிற கணக்கைப் பண்டிகை நாளிலேயே பிள்ளை மனசில் ஏற்ற வேண்டாமே.

"காலில் விழுந்தால்தானே காசு, அதுவும் நிபந்தனைதானே?" என்று கேட்கலாம். கைக்குழந்தையைப் பாருங்க. அதுக்கு விழவும் தெரியாது, கும்பிடவும் தெரியாது. அதன் பிஞ்சுக் கையிலும் காசை வைத்து மூடுகிறோமே, எதுக்காக? நம்ம வீட்டில் பிறந்ததுக்காக. அதுக்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

உழைப்புக்குப் பரிசு கொடுக்கலாம், கட்டாயம் கொடுங்க. ரிசல்ட் வரும் நாளில் கொடுங்க. காணும் பொங்கல் காசை மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி கொடுங்க. மார்க் குறைந்த பிள்ளைக்கும், சேட்டைக்காரப் பிள்ளைக்கும், தறி ஓடாமல் கூலி வராத வீட்டுப் பிள்ளைக்கும் அதே தொகை. கையில் இல்லையா? திருநீறோடு ஒரு ரூபாய் போதும்.

காசு ரெண்டு நாளில் செலவாகிவிடும். "நீயே பழம்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் ஆயுசுக்கும் துணை.

வேலும் மயிலும் துணை! 🦚