ஓடும் நீர் யார் சொத்து?

நிலத்துக்குப் பட்டா உண்டு. அதன் மேல் ஓடிப்போகும் நீருக்கு? கி.பி. 533-இல் வெளியான ஜஸ்டினியனின் ரோமச் சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் இயற்கையிலேயே எல்லோருக்கும் பொது என்றது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பல இடங்களில் ஆற்றுப் படுகை பண்ணைக்காரருடையது. நீரோ, 1972 அரசியல் சட்டப்படி, மக்களின் பயனுக்காக மாநிலத்துக்குச் சொந்தம். ட்ரவுட் மீனுக்காகத் தூண்டிலோடு இறங்குபவர் அத்துமீறுகிறாரா? இல்லை என்று 1984-இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் சொன்னது. மறு ஆண்டே சட்டம் வந்தது. எல்லை எதுவென்று அது சர்வேயரிடம் கேட்கவில்லை, ஆற்றிடமே கேட்டது: நீர் நெடுநாள் மூடிக்கிடந்து, தரைச்செடி முளைக்காமல் போன தடம்வரை நடக்கலாம். அதைத் தாண்டினால் பொதுவாக அத்துமீறல்தான்.

சரி, ஆற்றில் எப்படி இறங்குவது? பொதுச் சாலைப் பாலம்தான் வழி; அந்தப் பாலத்துக் கைப்பிடியோடு சேர்த்து வேலியை இழுத்துக் கட்டினார்கள் சில நிலக்காரர்கள். சாமி பொது, கோயில் கதவு மட்டும் என்னுடையது என்பதுபோல! தூண்டில்காரர்கள் விடாமல் வாதாட, பாலங்கள் வழியே இறங்க 2009-இல் தனிச் சட்டம் பிறந்தது.

நிலக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. குப்பை, திறந்துவிட்ட கேட், மிரண்ட மாடு எல்லாம் அவர் தலையில்தான் விடியும். ஆனாலும், தன் வேலிக்குள் பிறக்காத நீரையும் சேர்த்தா அவர் வாங்கினார்? இதே கேள்வியில், இன்னொரு அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவின் உச்ச நீதிமன்றம் 2022-இல் மக்கள் பக்கம் நின்றது. பக்கத்துக் கொலராடோவிலோ, தனியார் படுகையில் கால் ஊன்றினால் இன்றும் வழக்கு வரலாம்.