மெட்டு யாருக்குச் சொந்தம்?

ஓய்வுநாளில் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்பது யூத மரபின் பழைய விதி. கம்பி அறுந்தால் கை சும்மா இருக்காது, சரிசெய்யப் போய்விடும், சரிசெய்வது வேலை, அன்றைக்கு வேலை ஆகாது. யூதச் சட்டத் தொகுப்பான தல்மூது சொல்லும் காரணம் இவ்வளவுதான். அதனால் அமெரிக்காவில் நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போன தொழுகைக்கூடத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த பாடகர் வெள்ளிக்கிழமை மாலை வெறுங்கையோடு நின்றார். சீர்திருத்தப் பிரிவுக் கூடங்களில் கிதார் தாராளமாக ஒலிக்கும். இது அந்த வகையில்லை.

இப்படி ஒரு பாடகரையோ அறிஞரையோ வரவழைத்து, வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சேர்ந்து தொழுது, சேர்ந்து உண்டு, பாடிக் கழிப்பது அமெரிக்க யூதச் சபைகளில் வாடிக்கை. நான் கச்சேரி கேட்கும் மனத்தோடு போயிருந்தேன். அவரோ முதல் காரியமாக மேடையை விட்டு இறங்கினார். பின்வரிசையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, நாற்காலிகளை இழுத்துக்கொண்டு நடுவில் இருந்த மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்காரச் சொன்னார். பிறகு, சொல்லே இல்லாத ஒரு மெட்டை முனகத் தொடங்கினார்.

அதை நிக்குன் என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசீதிய இயக்கம் சீராட்டி வளர்த்த வடிவம். வெறும் ‘யய் பம் பம்’தான். எபிரேயம் தெரியாதவரும் பாடலாம், தொழுகைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பவரும் பாடலாம். முதல் சுற்றில் சிலரே பாடினார்கள். சுற்று ஏற ஏற, என் பக்கத்திலிருந்த முதியவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மேசையில் தட்டியபடி, சுருதி தப்பித் தப்பி, ஆனால் யாராலும் தடுக்க முடியாத உறுதியோடு பாடினார். பாடகரின் குரல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தால், வாயை மூடிக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வல்லவர் பாட மற்றவர் கேட்கும் வழக்கமும் யூதர்களிடம் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வியன்னாவில் தொழுகைப் பாடகர் சாலமன் சுல்ட்சர் பாடுவதைக் கேட்க யூதரல்லாத இசைக்கலைஞர்களே தேடி வந்தார்கள். இசையமைப்பாளர் ஷூபெர்ட் 1828-இல் அவருக்காக 92-ஆம் சங்கீதத்துக்கு எபிரேயத்திலேயே இசையமைத்தார். அருமையான படைப்பு. ஆனால் அதை என்னால் வாயாரப் பாட முடியாது. உலகின் மிகச் சிறந்த குரல்கள் எல்லாம் சட்டைப்பையிலேயே இருக்கும் காலம் இது. நம் சொந்தக் குரல் நமக்கே கூச்சமாகிவிட்டது. கேட்டுக் கேட்டு ரசனை வளர்ந்திருக்கிறது, உண்மைதான். வாய் அடைத்துப்போனதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் ‘லெகா தோதி’யை அன்று பாடினார்கள். கடைசிச் சரணத்தில் கூடம் முழுக்க எழுந்து வாசல் பக்கம் திரும்பியது. பதினாறாம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் அதை எழுதிய ஷ்லோமோ அல்கபெட்ஸ், முதல் எட்டுச் சரணங்களின் முதலெழுத்துகளில் தன் பெயரைப் பொதித்து வைத்திருக்கிறார். சொல்லுக்கு அப்படி ஒரு முத்திரை. மெட்டுக்கு அது கிடையாது. ஊருக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கிறது. மெட்டு எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள். நெப்போலியன் படையின் அணிவகுப்பு இசை என்று சொல்லப்படும் மெட்டொன்றை, ‘ஹபாத்’ என்ற ஹசீதியப் பிரிவினர் யோம் கிப்பூர் நோன்பின் இறுதியில் இன்றும் பாடுகிறார்கள்.

ஊர் வாய்க்கு வந்துவிட்டால் மெட்டு ஊருடையது. உண்டாக்கியவனை மறந்துவிடலாம் என்று அன்றிரவு நினைத்தேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில், பேச்சு பாடகர் ஷ்லோமோ கார்லிபாக் பக்கம் போனது.

1925-இல் பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். இன்று உலகெங்கும் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒலிப்பவற்றில் அவர் மெட்டுகள் ஏராளம். 1994-இல் இறந்தார். 1998-இல் ‘லிலித்’ என்ற யூதப் பெண்கள் இதழ், அவரால் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களின் குரல்களை வெளியிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, மீ டூ காலத்தில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தபோது, சில கூடங்கள் அவர் மெட்டுகளைப் பாடுவதை நிறுத்தி வைத்தன.

மேசையில் கருத்து ஒத்துப்போகவில்லை. ‘அவர் செய்ததற்கு மெட்டு என்ன பண்ணும்?’ என்றார் ஒருவர். நானும் முந்தின இரவின் நினைப்பில் அதற்குத் தலையாட்டியிருப்பேன். எதிரில் இருந்த பெண், ‘எல்லாருடையதும் என்றால் எனக்கும் அதில் பங்கு உண்டுதானே? அந்த மெட்டு வந்தால் என் வாய் திறப்பதில்லை. அப்புறம் அது எப்படி எல்லாருடையதும் ஆகும்?’ என்று கேட்டார். அவர் குரல் உயரவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நல்ல குரல் இல்லாதவரையும் உள்ளே இழுப்பதற்காக நாற்காலிகளை அவ்வளவு நெருக்கிப் போட்ட கூட்டம், ஒருத்தி வாயடைத்து உட்கார்ந்திருப்பதைக் காணாததுபோல் பாடிக்கொண்டு போக முடியாது. பொது என்றால் நினைத்ததை எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டுமில்லை, தேவைப்பட்டால் ஒன்றை இறக்கி வைக்கும் கடமையும்தான். இழப்பு பெரிதென்று அலுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். லெகா தோதிக்கா மெட்டுப் பஞ்சம்?