முள்ளெலும்பும் உள்ளறிவும்

1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டி. டி. பாமர், காது கேளாத ஹார்வி லில்லார்டின் முதுகில் புடைத்திருந்த முள்ளெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் கேட்கும் திறன் மீண்டதாகவும் கூறியதிலிருந்தே கைரோபிராக்டிக் முறை தொடங்குகிறது. செவி நரம்பு முதுகெலும்பின் வழியே செல்வதே இல்லை என்பது வேறு செய்தி. பேரண்டத்தை நடத்தும் பேரறிவின் ஒரு கூறு ஒவ்வோர் உடலிலும் உள்ளறிவாக உறைந்து நரம்புகளின் வழியே அதை ஆள்கிறது என்றும், முள்ளெலும்பு பிசகினால் அவ்வாட்சி தடைபட்டு நோய் பிறக்கிறது என்றும் பாமர் வகுத்தார். உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காக 1906இல் சிறை சென்ற அவர், பின்னர் தம் முறையைச் சமயமாகவே அறிவிக்கலாமா என்றும் எண்ணியதில் சட்டக் கணக்கும் கலந்திருந்தது.

பாமரின் இந்த உள்ளறிவுக் கொள்கையை உரசிப்பார்க்க ஏற்றது ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ், அதாவது ஒரு முள்ளெலும்பு தனக்குக் கீழுள்ளதன்மேல் முன்னோக்கி நழுவும் நிலை. நழுவல் கால் பங்குக்குள் இருந்தால், வயிற்று, முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளால் அறுவை இல்லாமலே பலருக்கு வலி தணிகிறது. ஆனால் எலும்பு பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை, எக்ஸ்ரே படத்தில் அதே பிசகு அப்படியே தெரிகிறது. எலும்பின் இருப்பிடமே வலிக்குக் காரணம் என்று கொள்ளும் இயந்திர நோக்குக்கு இது இடர்தான். உள்ளறிவுக் கொள்கைக்கோ எந்த விளைவும் இடராவதில்லை: குணமானால் அது செயல்பட்டது, ஆகாவிட்டால் தடைபட்டது என்று எதையும் விளக்கிவிடும் கொள்கையைப் பொய்ப்பிக்க எந்தப் படத்தாலும் இயலாது.