நன்றி சொல்லாமல் போகும் கப்பல்



கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குக் கிழக்கே முட்டம் இருக்கிறது. நிலம் அங்கே கடலுக்குள் முனையாக நீண்டு நிற்கிறது. கரையிலும் பாறை, தண்ணீருக்குள்ளும் பாறை. மேட்டின்மேல் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கலங்கரை விளக்கம் உண்டு.

துறைமுக வாசலில் எரியும் விளக்கு கப்பலை உள்ளே அழைக்கும். முனையில் எரியும் விளக்கோ, "இங்கே கரை இருக்கிறது, விலகிப் போ" என்று எச்சரிக்கும். அதைக் கண்ட கப்பல் தூரத்திலேயே திசை திருப்பிக்கொண்டு தன் வழியே போய்விடும். பிழைத்தவர் யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று விளக்குக்குத் தெரியாது. நன்றி சொல்லவும் ஒருவரும் வரமாட்டார்.

எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், காவல்காரர் கண்ணாடியில் படிந்த புகைக்கரியைத் துடைப்பார். திரியைச் சீராக்குவார். விளக்கு ஏற்றிய நேரத்தையும் அணைத்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவார். செலவான எண்ணெய்க்குக் கணக்கு உண்டு. உடையாமல் போன கப்பலுக்குக் கணக்கு இல்லை. நடக்காமல் போன ஒன்றை எப்படி எண்ணுவது?

அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத நன்மையும் தர்மம் ஆகுமா?

பசித்தவருக்கு அன்னம் இட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்க்கிறோம். தாங்கலுக்குப் பொருள் கொடுத்தால் உபயம் என்று பெயர் எழுதுகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அண்ணன் தம்பி சண்டை வெட்டுக்குத்தாகாமல் ஒருவர் இடையில் நின்று தடுக்கிறார். குடிக்கப் போகும் பையனை வழிமறித்து வீட்டுக்கு அனுப்புகிறார். அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏச்சுதான். வராத கேட்டை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தத் தர்மத்துக்கு ஆள் குறைவு.

"என்னால் யார் பிழைத்தார்?" என்று காவல்காரர் ஓர் இரவு யோசித்து, சலித்துப் படுத்துவிட்டால் என்ன ஆகும்? அன்றைக்குத்தான் கணக்குத் தெரியும், உடைந்த பலகை கரையில் ஒதுங்கும்போது. ஆகவே அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "இன்று விளக்கு ஏற்றினேனா?"

நம் பதியிலும் தாங்கலிலும் விளக்கொளியில் கண்ணாடி முன் நிற்கிறோம். அதில் தெரிவது நம் முகம் மட்டுமே. நம்மால் பிழைத்தவர் முகம் அதில் தெரிவதில்லை. தெரியவும் வேண்டாம். செய்யவேண்டியதைச் செய்த முகமா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அய்யா உண்டு.