பொய்ச்சாட்சியும் இரக்கமும்

களியக்காவிளையில் நிகழ்ந்த அடிதடியொன்றைக் கண்ணாரக் கண்ட நம் பழைய மாணவன், "அண்டைவீட்டான் சிறைக்குப் போவானே; நான் பார்க்கவில்லை என்று குழித்துறைக் கோர்ட்டில் சொன்னால் அதுவும் அஹிம்சைதானே, டீச்சர்?" என்று வினவினான்.

பிறர்க்குக் கேடு பயக்கும் மெய்யையும் தவிர்க்க என்பது வாய்மை அணுவிரதமே. ஆயின் அடிபட்டவனும் உயிரன்றோ? அப்பொய் அவனுக்கு இரண்டாம் அடி.

பொய்ச்சாட்சியால் இழப்புற்றவர் விண்ணப்பிக்கலாமேயன்றித் தாமே வழக்குத் தொடுக்க இயலாது. பழைய 340ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 379ஆம் பிரிவு. அதன்படி, நீதியின் நலனுக்கு வேண்டுவதென்று கருதினால், நீதிமன்றமே தன் முடிவை எழுத்தில் பதிந்து முதல்வகுப்பு நடுவரிடம் புகார் அனுப்புகிறது. குற்றம் உறுதிப்பட்டால் ஏழாண்டு வரை சிறை. சினங்கொண்டவர் கையில் கோலைக் கொடாத இம்முறை நமக்கு உவப்பே. அரிதாகவே கையாளப்படுவதுதான் குறை.

2006இல் உச்ச நீதிமன்றம், வடோதரா பெஸ்ட் பேக்கரி வழக்கில் சொல் மாறிய முதன்மைச் சாட்சிக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. அதுவும் நீதிமன்ற அவமதிப்பின் பேரில். அவரோ அத்தீயில் உற்றாரை இழந்தவர். அங்கே நம் மனம் இன்றும் தடுமாறுகிறது.

மாணவனுக்கு அத்தகைய அச்சம் ஏதுமில்லை. "கண்டதைச் சொல், காணாததைக் கூட்டாதே. அவன் சிறை சென்றால் அவன் பிள்ளைகளின் பள்ளிச் செலவை நீ பார்த்துக்கொள்" என்றோம். நெடுநேரம் பேசாதிருந்து, வாய்தா நாளைக் குறித்துக்கொண்டு போனான்.